நாப்பது கவுளிக் காம்பு

அகத்திப்பாளையத்து வெத்தலை சுண்ணாம்பும் இல்லாம பாக்கும் இல்லாம தானா வாயைச் செவக்க வைக்க ஆரம்பிச்சது, நாங்க அந்த ஊருக்கு வேலைக்குப் போன ஏழாம் மாசம். இதைச் சொன்னா அந்த ஊர்க்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. அவங்க ஊரு மண்ணு, அவங்க ஊரு காவேரித் தண்ணி, அவங்க குலசாமின்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. சொல்லட்டும், வாய் அவங்களுது. அந்த வாயில இருந்த செவப்பு யாருதுன்னு நான் சொல்றேன்.

முதல்ல கண்டுபிடிச்சவரு சந்தைத் தரகர். காரம் எப்படி இருக்குன்னு பாக்க ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டு மென்னு துப்பினாரு, துப்பினது அவரு வெள்ளைச் சட்டையிலேயே செக்கச் செவேல்னு விழுந்துச்சு. பல்லுல ரத்தம்னு பயந்து டவுனுக்கு ஓடி, நல்லா இருந்த கடவாப்பல்லைப் புடுங்கிட்டு வந்தாரு. மறுநாள் பொக்கை வாயோட இன்னொரு இலையை மென்னாரு, அதுவும் செவந்துச்சு, அப்பத்தான் பல்லு மேல பழியில்லன்னு தெரிஞ்சு அழுதாரு. அவரு அழுததை ஊரே கூடி நின்னு வேடிக்கை பாத்துச்சு, பாத்துக்கிட்டே ஆளுக்கு ஒரு இலையை மென்னுச்சு.

அதுக்கப்புறம் அந்த ஊரு அந்த அதிசயத்தை எப்படித் தின்னுச்சுன்னு கேளுங்க. பத்து நாள்ல அது அதிசயமாவே இல்ல, சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க, சுண்ணாம்பு விக்கிற அம்மா கூடையோட வேற ஊரு பாத்துப் போயிட்டாங்க, கல்யாணம் வச்சவங்க எல்லாம் அகத்திப்பாளையத்து வெத்தலை இருந்தாத்தான் பந்தலே போடுவோம்னாங்க, காலேஜுக்குப் போற பொண்ணுங்க இலைச் சாறை உதட்டுல தடவிக்கிட்டு பஸ் ஏறுச்சுங்க, கோயில்ல சாமி வாய்க்கும் அந்த இலையைத்தான் வச்சாங்க, சாமி வாயும் செவந்துச்சு. டவுன்ல இருந்து மண்ணைப் படிச்சவங்க ரெண்டு பேரு வந்து மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போயி, இந்த மண்ணுல இரும்புச் சத்து அதிகம்னு சீட்டு எழுதி அனுப்பினாங்க. அவங்க பொய் சொல்லல. அந்த இரும்பு எங்க உடம்புல இருந்து அங்க போனதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியல. சீட்டுக்குக் கண்ணாடி போட்டு ஊர்ச் சாவடியில மாட்டினாங்க.

நாங்கன்னா இருபத்திரண்டு பேரு. தர்மபுரிக்கு மேக்கால, மழை வந்தா கேவுரு, வரலன்னா வெறும் கல்லுன்னு இருக்கிற மேட்டுக்காடு எங்க ஊரு. என் பேரு மாதம்மா. என் தம்பி மாதேஷும் அவன் பொண்டாட்டி பவுனுவும் நானும் ஒரே கொட்டகையில இருந்தோம். எங்களைக் கூட்டிட்டுப் போனது கொடிக்கால் வேலைக்கு. கொடிக்கால்னா வெத்தலைத் தோட்டம், வரிசை வரிசையா அகத்தி மரம், மரத்துக்கு மரம் வெத்தலைக் கொடி, கொடிக்கு நடுவுல எப்பவும் தண்ணி நிக்கிற வாய்க்கா. உள்ள போனா உச்சி வெயில்லயும் நிழலு, மண்ணு எப்பவும் ஊறின சோறாட்டம் பொதபொதன்னு இருக்கும். அங்க கொடியை மரத்தோட கட்டறதும், இலை கிள்ளறதும், நூறு நூறா அடுக்கிக் கவுளி கட்டறதும்தான் எங்க பொழைப்பு.

கொடிக்கால்னா அவங்களுக்குக் கோயிலு. செருப்புப் போட்டு இறங்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, வீட்டுக்குத் தூரமான பொம்பளை வாசல் மூங்கில் படலைத் தாண்டக் கூடாது, முக்கியமா வேலைக்கு வந்த ஆளு ஒரு இலையைக்கூட வாயில வைக்கக் கூடாது. நாங்களும் ஒண்ணும் சாமி இல்லாத சனம் இல்ல. எங்க ஊருல களத்துமேட்டுல செருப்போட நின்னா என் அப்பன் வெளக்குமாத்தாலயே அடிப்பாரு. அதனால வெறுங்காலோட இறங்குன்னு யாரும் எங்ககிட்டச் சொல்லவே வேண்டியிருக்கல. ஆனா கோயில்ல வேலை செய்ற இருபத்திரண்டு பேருக்கு ஒரு கக்கூஸ் கட்டணும்னு அந்த ஊருல ஒருத்தனுக்கும் தோணல, ஆத்தங்கரைப் பக்கம் போனா அது எங்க எடம்னு வெரட்டினாங்க, டீக்கடையில காகிதக் கப்புல டீயைக் குடுத்துத் தள்ளி நின்னு குடின்னாங்க. நாங்க வேலிக்கு வெளிய வாய்க்கா மேட்டுல ஒதுங்கினோம். அந்த மேட்டுல பெய்யிற மழை கொடிக்காலுக்குள்ளதான் இறங்கும்.

முதல்ல விரலிடுக்குல அரிச்சுச்சு. சேத்துப்புண்ணுன்னு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சோம். அப்புறம் வயித்துல வலி, அப்புறம் ஏணி ஏறினா மூச்சு, அப்புறம் ஏணியைப் பாத்தாலே மூச்சு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தா அரிசி களைஞ்ச தண்ணியாட்டம் இருந்துச்சு. இலை செவக்கச் செவக்க நாங்க வெளுத்தோம், ரெண்டும் ஒரே தோட்டத்துலதான் நடந்துச்சு, ஆனா ரெண்டையும் சேத்துப் பாக்க யாருக்கும் தோணல, எங்களுக்கும் தோணல. சோம்பேறிங்கன்னு தோட்டத்துக்காரரு திட்டினாரு. அவரு திட்டினதை விடுங்க, நானே பவுனுவைத் திட்டினேன். அவளுக்கு அப்ப நாலு மாசம். உக்காந்த எடத்துல உக்காந்து, ஈர மண்ணை உருட்டி உருட்டி வாயில போட்டுக்கிட்டு இருப்பா, கேட்டா ஆசையா இருக்கு அண்ணின்னு சொல்லுவா. மசக்கைக்காரி சாம்பலும் மண்ணும் கேக்கறது உண்டுதான்னு நானும் விட்டுட்டேன், வேலை செய்ய வணங்காத ஒடம்புன்னு அவ காது படவே சொன்னேன். அந்த வார்த்தையை நெனச்சா இப்பவும் எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அப்பத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில இருந்து கோகிலா நர்சு வந்தாங்க. வண்டியைப் படல் ஓரமா நிறுத்திட்டு, எங்களை வரிசையா உக்கார வச்சு, கீழ் இமையை இழுத்து இழுத்துப் பாத்தாங்க, விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. ஆளுக்கு ஒரு டப்பியைக் குடுத்து காலையில வெளிக்குப் போறதுல கொஞ்சம் எடுத்து வைங்கன்னாங்க. எங்க ஆம்பளைங்க வெக்கப்பட்டு அந்த டப்பியில களிமண்ணை வச்சுக் குடுத்தானுங்க, நர்சம்மா திறந்து பாத்து, மண்ணுக்கு வயித்துவலி இல்லைங்க, உங்களுக்குத்தான்னு திருப்பி நீட்டினாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து சொன்னாங்க. கொக்கிப்புழு. வெளிக்குப் போற எடத்து ஈர மண்ணுல பொறந்து, வெறுங்கால்ல ஏறி, தோலைத் தொளைச்சு, ரத்தத்தோட நெஞ்சுக்கூட்டுக்குப் போயி, இருமல்ல தொண்டைக்கு வந்து, முழுங்கினா குடலுக்கு இறங்கி, அங்க பல்லைப் போட்டுத் தொங்கிக்கிட்டு நாள் பூரா ரத்தம் குடிக்கும். நூலாட்டம் இருக்கும், ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல இருக்கும். மண்ணு திங்கிற ஆசையும் ரத்தம் கொறஞ்சதாலதான்னு பவுனுவைப் பாத்துச் சொன்னாங்க. எல்லாருக்கும் கண்ணு முன்னாலயே பூச்சி மாத்திரை மெல்லக் குடுத்தாங்க, சத்து மாத்திரை குடுத்தாங்க, யாருகிட்டயோ கேட்டு வாங்கி இருபத்திரண்டு ஜோடி செருப்பும் கொண்டு வந்தாங்க, சேத்துல கழண்டுக்காம குதிகால்ல பெல்ட் வச்ச செருப்பு.

இப்ப நாங்க பண்ணின கூத்தைக் கேளுங்க. செருப்பைப் போட்டோம். ஒரு நாள் தவறாமப் போட்டோம். கொட்டகையில இருந்து தார் ரோட்டுல, காஞ்ச மண்ணுல, தூசியில, ஒரு புழுவும் பொழைக்க முடியாத எடத்துல எல்லாம் பெல்ட் மாட்டி நடந்து வந்து, படல்கிட்ட வந்ததும் இருபத்திரண்டு பேரும் குனிஞ்சு கழட்டி வரிசையா வச்சுட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, வெறுங்காலோட உள்ள இறங்கினோம். கோணலா கெடந்த செருப்பை நேராக்கி வச்சவளே நான்தான். மாத்திரைக்குச் செத்த புழு வெளிய போச்சு, புதுப் புழு உள்ள வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு நர்சம்மா வந்தப்ப அந்த வரிசையைப் பாத்தாங்க. ஒரு செருப்பை எடுத்துத் திருப்பி அடியைப் பாத்தாங்க, சேறே படல, கடையில இருந்து வந்த மாதிரி இருந்துச்சு.

"இதை எதுக்குக்கா போட்டுட்டு வர்றீங்க?"

"வழியில முள்ளு குத்தாம இருக்கத்தான்மா."

அந்தம்மா அந்தச் செருப்பைத் திரும்ப வரிசையில வச்சாங்க. அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, பவுனு ரத்தம் பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல அஞ்சரை இருக்குதுன்னாங்க. இப்படியே பிரசவம் வந்தா, மத்தவங்க தொடைச்சிட்டு எந்திரிக்கிற அளவு ரத்தம் போனாலே இவ போயிடுவா, புள்ளையும் தங்காது, இன்னும் ஒன்றரை மாசம்தான் இருக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரியில ஏத்தறதுக்கு ரத்தம் வேணும், குடுக்க உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் ஒடம்புலயும் இல்லைன்னாங்க. அன்னிக்குத்தான் நான் அந்தக் கொடிக்காலைத் திரும்பிப் பாத்தேன், இலை ஒவ்வொண்ணும் தின்னு கொழுத்த மாதிரி பளபளன்னு இருந்துச்சு, எங்க ரத்தம் எங்க போச்சுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

தோட்டத்துக்காரரு நல்லமுத்துகிட்டப் போனேன். அவரு கொடிக்காலுக்குள்ள கால் வச்சுப் பதினொரு வருசம் ஆச்சு, எப்பவும் படலுக்கு வெளிய நாற்காலி போட்டுத்தான் உக்காருவாரு. ஏன்னா அவருக்குச் சக்கரை. காலுல ஒரு கீறல் பட்டாலும் விரலை எடுக்க வேண்டியிருக்கும், வெறுங்காலா வீட்டுக்குள்ளகூட நடக்காதீங்கன்னு டாக்டர் சொல்லி, மெத்துன்னு ஒரு செருப்புப் போட்டிருப்பாரு. செருப்போட உள்ள போனா சாமி குத்தம், கழட்டினா விரல் குத்தம், அதனால வெளியவே உக்காந்துக்கிட்டாரு. பவுனு சேதியைச் சொல்லி, நாங்க செருப்போட இறங்கிக்கறோம், கொட்டகைப் பக்கம் ஒரு கக்கூஸ் குழி எடுத்துக்கறோம்னு கேட்டேன்.

"ஏம்புள்ள, எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு செருப்புப் படாத மண்ணு இது. மகாலட்சுமி வெளிய போயிருவா."

"உங்க காலுக்கு டாக்டர் சொன்னா அது வைத்தியம். எங்க காலுக்கு நர்சம்மா சொன்னா தீட்டுங்களா?"

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. வாய் ஓரத்துல செவப்பு வழிஞ்சுச்சு, துண்டால தொடைச்சுக்கிட்டாரு.

"நீங்க செருப்புப் போட்டா இந்தச் செவப்பு நின்னு போயிரும் புள்ள. அது எங்க இருந்து வருதுன்னு நீயும் கேக்காத, நானும் கேக்கல."

ஆக அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமில்ல, அன்னிக்கு நான் ஊருக்குள்ள நடந்து போனப்ப ஒவ்வொரு வாயையும் பாத்துக்கிட்டே போனேன், டீக்கடைக்காரன் வாயி, பஸ்ஸுல ஏறுற பொண்ணுங்க வாயி, கோயில் பூசாரி வாயி, எல்லா வாயும் செவப்பு, எல்லாக் கண்ணும் என்னைப் பாத்ததும் வேற பக்கம் திரும்புச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சுதான் மென்னுக்கிட்டு இருந்தாங்க. நாசமாப் போங்கன்னு வாய்க்குள்ளயே சொன்னேன். சத்தமாச் சொல்லத் தைரியம் வரல.

நல்லமுத்து பொண்ணுக்கு நிச்சயம் வந்துச்சு. ரெண்டு வீட்டாரும் தட்டுல வெத்தலை பாக்கு மாத்திக்கிற சடங்கு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தச் செவப்பு வெத்தலைக்காகவே சம்பந்தம் பேசினவங்க. நாப்பது கவுளி வேணும், மூணு மணிக்குச் சடங்கு, பதினொரு மணிக்கு வண்டி வரும்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு விடிகாலையில படல்கிட்ட எப்பவும் போல எல்லாரும் குனிஞ்சு பெல்ட்டைக் கழட்டினோம். பவுனு மட்டும் குனிய முடியாம நின்னா.

"வயிறு தடுக்குது அண்ணி. நீயே கழட்டி விடு."

நான் அவ காலுகிட்டக் குனிஞ்சேன். காலு ரெண்டும் பூரி மாதிரி வீங்கி, பெல்ட்டு பட்ட எடம் பள்ளம் விழுந்து கெடந்துச்சு. விரல் வச்சு அமுக்கினா குழி அப்படியே நின்னுச்சு, மேல வரல. பாதம் பச்சைத் தண்ணியாட்டம் சில்லுன்னு இருந்துச்சு. வணங்காத ஒடம்புன்னு நான் சொன்ன ஒடம்பு அது. என் கை பெல்ட்டு வரைக்கும் போச்சு, கழட்ட வரல. குனிஞ்சவ நிமிர்ந்து, கழட்டி வச்ச என் செருப்பை எடுத்து மறுபடி மாட்டினேன், அவ கையைப் புடிச்சுக்கிட்டு செருப்போட படலைத் தாண்டினேன். சேறு செருப்பைப் புடிச்சு இழுத்துச்சு, பெல்ட்டு விடல. திரும்பிப் பாத்தா மாதேஷ் செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தான், அவனுக்குப் பின்னால எல்லாரும் மாட்டிக்கிட்டு இருந்தாங்க. இடி விழல, பாம்பு வரல. நாப்பது கவுளியையும் செருப்புக் காலோட கிள்ளி முடிச்சோம்.

அடுக்க உக்காந்தப்ப பவுனு வழக்கம்போல மண்ணை உருட்டி வாய்க்குக் கொண்டு போனா. நான் அவ கையைத் தட்டிவிட்டு, மண்ணைத் திங்காதடி, திங்கறதுன்னா இதைத் தின்னுன்னு கோவத்துல ஒரு இலையைக் கிள்ளி வாயில திணிச்சேன். எங்க சனத்துல யாரும் அதுவரைக்கும் அந்த இலையை வாயில வச்சதில்ல. பவுனு மென்னா. ஊருல அத்தனை பேரு வாயும் செவந்துச்சே, அவ வாய் செவக்கல. நாக்கு நாக்காட்டமே இருந்துச்சு. நகம் செவந்துச்சு. நர்சம்மா பாக்கிற மாதிரி கீழ் இமையை இழுத்துப் பாத்தேன், வெள்ளையாக் கெடந்த எடத்துல ரோசாக் கலரு மெல்ல ஊறி வந்துச்சு. இன்னொண்ணு குடு அண்ணின்னு கேட்டா. கேட்ட குரலு எழுந்து நின்னு கேக்கற குரலா இருந்துச்சு.

அவளோட பொருள் அவகிட்டத் திரும்பிப் போறதுக்கு நான் யாருகிட்டக் கேக்கணும்? காம்பைக் கிள்ளி ஒதுக்கி, இலையை மடிச்சு மடிச்சு அவளுக்குக் குடுத்தேன், அப்புறம் நான் ஒண்ணு மென்னேன், காரம் உச்சி மண்டைக்கு ஏறி கண்ணுல தண்ணி வந்துச்சு, அந்தக் கண்ணுத் தண்ணியோட மாசக்கணக்கா எங்கயோ போயிருந்த சூடு மாருக்குள்ள திரும்பி வந்துச்சு. அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கல, இருபத்திரண்டு பேரும் சுத்தி உக்காந்து தின்னோம், ஒரு வார்த்தை பேசாம தின்னோம், சிரிச்சுக்கிட்டுத் தின்னோம், அழுதுக்கிட்டுத் தின்னோம், பத்தரை மணிக்குள்ள நாப்பது கவுளியும் வயித்துக்குள்ள போயிருச்சு. தின்னது போக காம்பு மிச்சம். தொழில் தெரிஞ்ச கை சும்மா இருக்குமா? நூறு நூறாக் காம்பை அடுக்கி, வாழை மட்டையில சுத்தி, நார் போட்டு, நாப்பது கவுளியும் லட்சணமாக் கட்டி வண்டியில ஏத்திவிட்டோம்.

சடங்குல தட்டு மாத்தினப்ப மாப்பிள்ளையோட அப்பாதான் மட்டையைப் பிரிச்சாராம். அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, நிச்சயமும் நின்னு போகல, கடை வெத்தலையும் சுண்ணாம்பும் வாங்கிட்டு வந்து மாத்திக்கிட்டாங்க. நாலு மணிக்கு ஊரே திரண்டு கொடிக்காலுக்கு வந்துச்சு. முன்னால நல்லமுத்து, பட்டு வேட்டியோட, கையில கம்போட. எங்களைக் கண்டபடி வஞ்சுக்கிட்டே வந்தவரு, அடிக்கிற வேகத்துல படலைத் தள்ளிக்கிட்டு உள்ள இறங்கிட்டாரு. நாலு எட்டு வந்திருப்பாரு. பின்னால வந்த சனம் படல்கிட்டயே நின்னு போச்சு, எல்லாரும் அவரு காலையே பாத்தாங்க. அவரும் குனிஞ்சு பாத்தாரு. மெத்துச் செருப்பு ரெண்டும் கொடிக்கால் சேத்துல புதைஞ்சிருந்துச்சு.

"கழட்டுங்க ஐயா," நான் சொன்னேன். "மகாலட்சுமி வெளிய போயிருவா."

அவரு கழட்டல. அந்தச் சேத்துல எது இருக்குன்னு அவருக்குத் தெரியும். கம்பைக் கீழ போட்டுட்டு, செருப்போடயே திரும்பி நடந்தாரு, யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஒரு கொடியும் வாடல.

மறுநாளே எங்களை வெளிய அனுப்பிட்டாங்க. பவுனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு, ரத்தம் போச்சு, ஆனா போறதுக்கு அவ ஒடம்புல ரத்தம் இருந்துச்சு. நர்சம்மா பாத்துட்டு பத்து இருக்குது, மாத்திரை வேலை செஞ்சிருக்குன்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எழுதட்டும், அந்தம்மா சொன்னதும் உண்மைதான், மாத்திரை விடாம முழுங்கினோம். அகத்திப்பாளையத்துல இப்ப வெத்தலை வெறும் பச்சை வெத்தலை, சுண்ணாம்பு விக்கிற அம்மா திரும்பி வந்துட்டாங்களாம், செருப்புக் காலோட வந்த சனம் எங்க மண்ணைக் கெடுத்துருச்சுன்னு இன்னிக்கும் எங்களைத் திட்டறாங்களாம். எனக்கும் அந்த ஊரு மேல இருக்கிற கோவம் ஒரு துளி கொறையல.

இப்ப வேற ஊருல, வேற கொடிக்கால். போன எடத்துல முதல் வேலையா கக்கூஸ் குழி எடுக்கறோம், அப்புறம்தான் ஏணியைத் தொடறோம். எந்த ஊருக்குப் போனாலும் படல்கிட்ட ஒருத்தரு வந்து நின்னு, செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்கன்னு சொல்றாரு. நான் பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கி மாட்டிக்கிட்டு, நீங்க முதல்ல வெறுங்காலோட இறங்கி ஒரு மாசம் இலை கிள்ளுங்க, அப்புறம் நாங்க கழட்டறோம்னு சொல்றேன். இதுவரைக்கும் ஒருத்தரும் இறங்கல.